மறைத்தலால் வளரும் நோய்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரை நாடுகிறோம். ஆயின், ஒருவர் மதுவுக்கோ பிற போதைப்பொருளுக்கோ அடிமையானால், குடும்பத்தார் அதனை நோயென்று எண்ணாது குலத்துக்கு நேர்ந்த இழிவென்று எண்ணி மறைக்கின்றனர்.

தாய் அயலாரிடம் பொய்யுரைப்பாள். தந்தை கடனை அடைப்பார். உறவினரோ, “கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்” என்பர். இவை அன்பினால் செய்வனவே. எனினும் நோய்க்கு உரமாவனவும் இவையே. இதற்கிடையில் ஆண்டுகள் கழியும். மூளையின் இயல்பு திரியும். பின்னர் மனவுறுதி மட்டும் மீட்கப் போதாது. வீட்டிலேயே பூட்டிவைத்துத் திருத்த முயல்வாரும் உளர். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிர்க்கேடும் நேர்தல் கூடும்.

சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்தவர். அவர் துயரில் ஆழ்ந்துவிடாது, 1980-ஆம் ஆண்டு சென்னையில் இந்நோயைத் தீர்க்கும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கு நோயாளருடன் குடும்பத்தார்க்கும் நல்வழி காட்டப்பெறுகிறது. அப்பணிக்காக அவர் 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மாணவர்களே! பயிரில் நோய் கண்ட அன்றே உழவன் மருந்திடுகிறான். நம் இல்லத்தாரிடத்தும் அவ்விழிப்பே வேண்டும். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அறிவுரை பெறலாம். நாணத்தால் நாள் கடத்தாது, உற்றாரை உரிய காலத்தில் மருத்துவரிடம் சேர்ப்போமாக.