நின்று நின்று ஓடும் பழைய டீசல் வண்டி: கோளாறு காணும் முறை

விளைபொருளை உரிய வேளையில் சந்தை சேர்ப்பது, அதை விளைவிப்பதைப் போன்றே முக்கியமான காரியம் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி வழியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால், அன்றைய நல்ல விலை கை நழுவிப் போகும்.

அடியோடு ஓடாத வண்டியின் பழுதைக் காண்பது எளிது. சிறிது தூரம் ஓடி, நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல் மீண்டும் ஓடும் வண்டியே உரிமையாளரை மயக்குவது. பட்டறையில் அது நன்றாகவே ஓடும். அதனால் அனுமானத்தின் பேரில் டீசல் பம்பைக் கழற்றிப் பெருந்தொகை செலவிடுவோர் உண்டு. சில நாட்களில் பழைய குறை திரும்பிவிடும். சோதித்து அறிந்த பின்னரே செலவு செய்தல் வேண்டும் என்பதை வற்புறுத்துவதே இப்பாடத்தின் நோக்கம்.

டீசல் வரும் வழி

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. உருளைக்குள் அழுத்தப்படும் காற்று சூடேறி, அச்சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகி, ஓடும்போது நல்ல இழுவையும் தரும் எஞ்சினில் பிஸ்டன், வால்வு முதலியவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே முதலில் ஐயுற வேண்டியது டீசல் வரும் வழியையே. டேங்க், குழாய், பீடு பம்பு, பில்டர், டீசல் பம்பு, நாசில் ஆகியவை அவ்வழியில் உள்ளவை. வயலுக்கு நீர் வராவிடில் மடையிலிருந்து வாய்க்கால் நெடுகப் பார்த்து வருகிறோம் அல்லவா? அதுபோலவே டேங்கிலிருந்து தொடங்குதல் முறையாகும்.

குறித்து வைக்க வேண்டியவை

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் ஓடிய தூரம், டேங்கில் இருந்த டீசலின் அளவு, ஏற்றிய பாரம், பாதை மேடா சமதரையா, எஞ்சினின் சூடு, புகையின் நிறம், மீண்டும் ஓடுவதற்கு ஆன நேரம் ஆகியவற்றை ஓட்டுநர் எழுதி வைத்தல் வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் சட்டென்று நின்றதா, இழுவை குறைந்து திணறி நின்றதா என்பது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது.

திணறி நின்றால்

1. டேங்க் மூடி: டீசல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்செல்ல வேண்டும். பல வண்டிகளில் அதற்கான துளை மூடியில் உள்ளது. அது அடைபட்டால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, டீசல் வருவது குறையும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது காற்று ஓசையுடன் உட்புகுந்து, பின்னர் எஞ்சின் நன்கு ஓடினால் காரணம் இதுவே. துளையைச் சுத்தம் செய்க. அன்றேல் மூடியை மாற்றுக.

2. டேங்க் அழுக்கு: அடியில் தங்கிய துருவும் கசடும் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்து, எஞ்சின் நின்றபின் விலகிவிடுவதுண்டு. மூடியைத் திறந்தும் குணம் காணாவிடில் டேங்கைக் கழுவிப் பார்த்தல் நலம்.

3. பில்டரும் நீரும்: பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தூய டீசல் வரும் வரை நீரை வடித்துவிடுக. பாரத்துடன் மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்தால் பில்டர் அடைப்பை ஐயுறலாம். கரும்புகையும் சேர்ந்து வந்தால் காற்று பில்டரையும் காண்க.

4. காற்றுக் கசிவு: டேங்குக்கும் பீடு பம்புக்கும் இடையில் ஹோஸ் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ, டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே இழுக்கப்படக்கூடும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் தொல்லை தருவது இதன் அறிகுறி. ஹோஸை மாற்றி, கைப்பம்பை அழுத்திக் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுக.

சட்டென்று நின்றால்

பல பழைய வண்டிகளில் டீசல் பம்பின் மேல் ஒரு மின்சார அடைப்பான் உண்டு, சாலினாய்டு என்பர். அதற்கு மின்சாரம் வரும் வரையில்தான் டீசல் உட்செல்லும். ஒயர் முனை தளர்ந்து, குலுக்கலில் விட்டு விட்டுத் தொட்டால் எஞ்சின் உடனே நிற்கும். சாவி 'ஆன்' நிலையில் இருக்க, டெஸ்ட் விளக்கை அம்முனையில் வைத்து, ஒயரை அசைத்துப் பார்த்தால் விளக்கு மினுக்குவது உண்மையைக் காட்டிவிடும்.

எச்சரிக்கை

ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்கின் துணைவிசை விரைவில் தீர்ந்துவிடும். ஆதலின் பெடலை மீண்டும் மீண்டும் மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி, வண்டியை ஓரங்கட்டுக. பம்பிலிருந்து நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களைத் தாமே தளர்த்தலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காமன் ரெயில் அமைப்புள்ள புதிய வண்டிகளில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்படுவதால், அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுதல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர் கவனத்திற்கு

ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, முன்பு நின்ற அதே பாதையில், அதே பாரத்துடன் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது. பஞ்சாயத்துக்குச் சொந்தமான வண்டியாயின் மேற்கூறிய குறிப்புகளை ஓட்டப் பதிவேட்டிலேயே எழுதச் செய்க. டீசல் பம்பை மாற்றுவதற்கான மதிப்பீடு கூட்டத்தின் முன் வரும்போது, மூடி, பில்டர், ஹோஸ், ஒயர் ஆகியவை சோதிக்கப்பட்டனவா என்று கேட்க அங்கத்தினருக்கு உரிமையுண்டு. அது அவர்தம் கடமையுமாகும். சில ரூபாய் ஹோஸினால் தீரும் குறைக்கு ஊர்ப்பணம் பெருமளவில் செலவாகாமல் காக்க அந்த ஒரு கேள்வியே துணைபுரியும்.