மலைவழியும் காலமும்

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில் ஓங்கி நிற்கும் மலைத்தொடரின் மடியிலே அமைந்த வளநாடு கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். மேற்கே ஏலமலை எழுந்து நிற்க, கிழக்கே மேகமலை முகில் சூடி விளங்க, இடையே முல்லையாறு வடதிசை நோக்கி ஓடித் தேனிக்கு அருகில் வையையுடன் கலக்கின்றது. 1895-ஆம் ஆண்டில் பென்னிகுக் என்னும் பொறியாளரின் பெருமுயற்சியால் நிறைவெய்திய பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கினுள் இறங்கி வருகின்றது. அந்நீரால் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் இங்குச் செழித்து வளர்கின்றன.

தேனியினின்று புறப்படும் நெடுஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களைக் கடந்து, லோயர்கேம்ப் என்னும் அடிவாரத்தை அடைந்து, பின்னர் மலையேறிக் குமுளிக்குச் செல்கின்றது. மற்றொரு சாலை போடிநாயக்கனூரை நோக்கிச் செல்கின்றது. இச்சாலைகளில் நாள்தோறும் ஓடும் பேருந்துகளில் உழவரும் வணிகரும் தோட்டத் தொழிலாளரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து செல்வர். மலைவளம் காண விழைவோர்க்கும் இப்பேருந்துகளே துணை. சொந்த ஊர்தி இல்லாதவரும் சிறுபொருள் செலவிட்டு அடிவாரத்தை அடையலாம். பேருந்து நிற்குமிடத்தில் ஒற்றையடிப் பாதை தொடங்குகின்றது.

பேருந்துக்குக் கால அட்டவணை உண்டென்பதை யாவரும் அறிவர். மலைவழிக்கும் அத்தகைய அட்டவணை ஒன்று உண்டு. அது பேருந்து நிலையத்துச் சுவரில் எழுதப்பட்டிருப்பதன்று. மழையும் வெயிலும் விலங்கும் மனிதரும் சேர்ந்து வகுத்தது. அதனை அறியாது மலையேறுதல் அறியாமையாகும். இப்பள்ளத்தாக்கின் மூன்று வழிகள் இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

முதலாவது, சுருளி அருவிக்குச் செல்லும் வழி. கம்பத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வருவிக்குப் பேருந்து வசதி உண்டு. மேகமலையில் ஊறிப் பெருகும் நீர் இங்கு இரு படிகளாக வீழ்கின்றது. பேருந்தினின்று இறங்கி, வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்து, மரநிழலில் சிறிது தொலைவு நடந்தால் அருவியின் ஓசை செவியில் விழும். சிறுவரும் முதியோரும் நடத்தற்கு எளிய வழி இது. ஆயினும், மலையில் பெருமழை பெய்து வெள்ளம் பெருகும் நாளிலும், யானைக் கூட்டம் அப்பக்கம் வந்து தங்கும் நாளிலும் வனத்துறையினர் இவ்வழியை அடைத்துவிடுவர். அடிவாரத்தில் வெயில் காயும்பொழுதே மலைமேல் மழை பெய்து அருவியில் வெள்ளம் பாய்தல் உண்டு. ஆதலின், அடைத்த வழியைக் கண்டு சினங்கொள்ளாது திரும்புதலே அறிவுடைமை.

இரண்டாவது, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் செல்லும் வழி. மதுரை எரியுண்ட பின்னர்க் கண்ணகி வையைக் கரை வழியே மேற்றிசை நோக்கி நடந்து மலையேறினாள் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அவள் ஏறிய குன்றம் இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. லோயர்கேம்பை அடுத்துள்ள பளியன்குடி என்பது பளியர் என்னும் மலைவாழ் மக்கள் வாழும் சிற்றூர். அங்கிருந்து ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் காட்டுவழியே ஏறினால், எல்லையோரத்து மலையுச்சியில் நிற்கும் கற்கோயிலைக் காணலாம். ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவு நாளன்று மட்டுமே மக்கள் இங்குச் சென்று வழிபட இசைவு அளிக்கப்படுகின்றது. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் அலுவலரும் கூடி அந்நாளுக்குரிய ஏற்பாடுகளைச் செய்வர். எஞ்சிய நாளெல்லாம் அக்காடு புலிக்கும் யானைக்கும் உரியது. ஒரு நாள் மனிதர்க்கும் பிற நாட்கள் விலங்குகட்கும் என அமைந்த இம்முறை, காட்டைக் காத்தற்கு ஏற்ற நல்ல முறையன்றோ!

மூன்றாவது, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி வழி. போடியிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் பேருந்துகள் சிலவே. ஆதலின் மலையேறுவோர் திரும்பும் பேருந்தின் நேரத்தையும் கேட்டறிந்தே புறப்படல் வேண்டும். குரங்கணியினின்று ஏறும் பாதை சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூரைக் கடந்து, மலையுச்சியில் உள்ள டாப் ஸ்டேஷனை அடைகின்றது. இன்று புகைவண்டியே இல்லாத மலையூர்களுக்கு நிலையம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது? மூணாற்றில் விளைந்த தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொணர்தற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியே மலைச்சரிவில் இறக்கப்பட்டு, கொட்டகுடியை அடைந்து, பின்னர் வண்டிகளில் போடிக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அவ்விருப்புப்பாதை அழிந்தொழிந்தது. பெயர் மட்டும் இன்றும் நிலைத்து நிற்கின்றது. இன்று இன்பப் பயணமாக நடப்போர், ஒரு காலத்தில் தொழிலாளர் வியர்வை சிந்திய சரிவிலேயே நடக்கின்றனர் என்பதை மறத்தல் கூடாது.

இம்மலையிலேதான் நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள், முப்பதுக்கும் மேற்பட்டோர் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். அவருள் பெரும்பாலோர் இளைஞர், பெண்டிர் பலர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் திடீரெனக் காட்டுத்தீ மூண்டு அவர்களைச் சூழ்ந்தது. குரங்கணியைச் சேர்ந்த மக்கள் இருளையும் அனலையும் பொருட்படுத்தாது மலையேறி, காயமுற்றோரைத் துணியில் கிடத்திச் சுமந்து இறக்கினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புப் பணிக்கு வந்தன. எனினும் 23 பேர் உயிரிழந்தனர்.

அத்தீ அத்துணை விரைவாகப் பரவியது ஏன்? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், தை, மாசித் திங்களில் மலைச்சரிவில் ஆளுயரம் வளர்ந்த புல் வெயிலில் காய்ந்து சருகாகின்றது. சூடான காற்று மேலெழும் இயல்புடையது. ஆதலின், சரிவின் அடியில் பற்றிய தீ, மேலேயுள்ள புல்லை முன்னரே சூடாக்கி உலர்த்திவிடுகின்றது. காற்றும் உடன் வீசுமாயின், தீ மலையேறும் விரைவுக்கு ஈடாக மனிதர் ஓட இயலாது. சமவெளியில் தீயைக் கண்டு பழகியோர் மலைத்தீயின் இயல்பை அறியாமற்போவது இதனாலேயே.

அத்துயர நிகழ்ச்சிக்குப் பின்னர், அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. வழிகள் எளியன, இடைப்பட்டன, கடியன எனப் பிரிக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 14 மாவட்டங்களைச் சார்ந்த 40 வழிகளில் மக்களை அழைத்துச் செல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குச் செல்லும் வழியும் அவற்றுள் ஒன்று. முன்னரே பெயரைப் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லுதல் வேண்டும். பதினெட்டு ஆண்டு நிரம்பாதோர்க்குப் பெற்றோரின் எழுத்துமூல இசைவு இன்றியமையாதது. காட்டுத்தீ மூளும் காலமாகிய பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படும். 23 உயிர்களை இழந்த பின்னரே இவ்வட்டவணை எழுதப்பட்டது.

மலைவழி நடக்கப் புறப்படுவோர் குடிநீரும் எளிய உணவும் உடன் கொள்ளல் வேண்டும். காலுக்கு உறுதியான காலணி வேண்டும். தீக்குச்சியும் நெகிழிப் பையும் காட்டினுள் கொண்டு செல்லலாகாது. வழிகாட்டியின் சொல்லை மீறிக் குறுக்குவழி தேடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, "இன்று செல்ல இயலாது" என்று அடிவாரத்து மக்களோ வனத்துறையினரோ கூறினால், மறுசொல்லின்றித் திரும்புதல் வேண்டும். தவறவிட்ட பேருந்துக்கு அடுத்த பேருந்து உண்டு. தவறவிட்ட மலைக்கும் அடுத்த பருவம் உண்டு. போன உயிருக்கோ மீட்சியில்லை.

காலமறிந்து செல்வோர்க்கு மலை தன் வளத்தையெல்லாம் காட்டும். மாலையில் கடைசிப் பேருந்தில் இருக்கை பிடித்து, புழுதி படிந்த கால்களுடன் தேனிக்குத் திரும்புவோர், பலகணி வழியே அம்மலையை மீண்டும் ஒருமுறை நோக்குவர். காலையில் வெறும் நீலத்திரையாகத் தோன்றிய மலை, மாலையில் அவர்க்குப் பாதைகளும் ஊர்களும் மக்களும் நிறைந்த மலையாகத் தோன்றும்.