சிந்தசைசர் இசையில் ஒலிகளின் இயைபு

இனிய ஒலிகள் பல ஒருங்கு சேர்ந்த மாத்திரத்தில் இன்னிசை பிறந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையென்பதை யாம் சென்ற விடுமுறையில் எம் வீட்டறையிலேயே உணர்ந்தோம். கணிப்பொறியும் சிந்தசைசரும் துணையாக, நண்பர் ஒருவர் பாடிய பாட்டைப் பதிவு செய்தோம். அடிநாதம், பின்னின்று நீண்டொலிக்கும் இசை, விரைந்தோடும் சுரக்கோவை, குரலுக்கு விடையிறுக்கும் இசை என நான்கு பகுதிகளை அதனோடு சேர்த்தோம். தனித்தனியே கேட்குங்கால் நான்கும் செவிக்கினியனவாகவே இருந்தன. அனைத்தும் கூடியபொழுதோ, பாடியவரின் அன்னையார், "நன்றாயிருக்கிறதப்பா, ஆனால் நீ பாடுகிறது ஒன்றும் விளங்கவில்லையே!" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒலிகள் மோதுவது ஏன்? மாந்தர் செவி ஏறக்குறைய வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. சிந்தசைசர் எழுப்பும் சுரம் பெரும்பாலும் ஒற்றை அதிர்வன்று. வாட்பல் போன்ற அலைவடிவில் 110 அதிர்வுள்ள சுரத்தை எழுப்பினால், 220, 330, 440 என மேற்சுரங்கள் பலவும் உடனெழும். எனவே, கீழே நிற்பதாக நாம் கருதும் அடிநாதமும் குரலின் இடத்திற் புகுந்து நிற்கின்றது. வீணைக்கும் மேற்சுரங்கள் உண்டு. ஆயினும் மீட்டியபின் அவை தேய்ந்து மறையும். சிந்தசைசரின் நீடொலியோ விரலை எடுக்குமளவும் தேயாது நிற்றல் கூடும். மேலும், அருகருகே ஒலிக்கும் இரண்டனுள் வலியது மெலியதைச் செவிக்குப் புலப்படாதவாறு மறைத்துவிடும். 440, 444 அதிர்வுள்ள இரு சுரங்கள் ஒருங்கொலித்தால் வினாடிக்கு நான்கு விம்மல்கள் தோன்றும். விம்மல்கள் விரைந்து நெருங்குமிடத்துச் செவிக்குக் கரகரப்புப் பிறக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

முற்காலத்துச் சிந்தசைசருக்கு இந்நெருக்கடி அரிது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் அமைத்த கருவி ஒரு வேளையில் ஒரு சுரத்தையே எழுப்பும். வெண்டி கார்லோஸ் அத்தகைய கருவியைக் கொண்டு ஒவ்வோர் இழையாகப் பதிந்தே பாக்கின் இசையை 1968-இல் வெளியிட்டார். இன்றோ வேண்டுமளவு ஒலிகளை நொடியிற் சேர்க்கலாம். அவ்வெளிமையே எம்மை ஏமாற்றிற்று.

குரல் கேட்கவில்லையென்று அதனை உயர்த்தினோம். உடனே அடிநாதம் மெலிந்தது போலாயிற்று, அதனையும் உயர்த்தினோம். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தப் பதிவின் உச்சவரம்பு கடந்து ஒலி சிதைந்தது. நோய் ஒலிக்குறைவன்று, இடநெருக்கடியே என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

பின்னர் யாம் கையாண்ட முறைகள் நான்கு. முதலாவது, சுரங்களைக் குறைத்தல். அடிநாதம் தரும் கீழ்ச்சுரங்களைப் பின்னணியிசையினின்று நீக்கினோம். கீழ்ஸ்தாயியில் நெருங்கி நிற்கும் சுரங்கள் கலங்கலாகவே கேட்கும். இரண்டாவது, வடித்தல். பின்னணியிசையில் 200 அதிர்வுகளுக்குக் கீழுள்ளவற்றை வடிப்பானால் அகற்றினோம். மெய்யெழுத்துக்களின் தெளிவுக்கு இன்றியமையாத 2,000 முதல் 4,000 வரையுள்ள பகுதியை 3 டெசிபெல் தாழ்த்தினோம். மூன்றாவது, காலம் பகுத்தல். கச்சேரியிற் பிடில் வாசிப்பவர் பாடகர் ஓயும் இடத்தில் மேலெழுந்து, அவர் பாடுங்கால் அடங்குவதன்றோ முறை? விடையிறுக்கும் இசையையும் அவ்வாறே அமைத்தோம். நான்காவது, திசை வகுத்தல். குரலும் அடிநாதமும் நடுவில் நிற்க, ஏனையவற்றை இடமும் வலமுமாகப் பிரித்தோம். ஆயினும், ஒற்றை ஒலிபெருக்கியிலும் கேட்டுச் சோதித்தல் வேண்டும். இருபுறமும் விரிந்தொலிப்பவை ஒன்றுகூடுங்கால் ஒன்றையொன்று அழித்துவிடுதலும் உண்டு.

இத்துணையும் செய்தபின்னும் ஒரு குறை நின்றது. யாம் இரண்டு இரவு விழித்து அமைத்த சுரக்கோவை பாட்டின் சொற்களோடு ஓயாது போராடிற்று. அதனை நீக்க எமக்கு மனம் வரவில்லை. இறுதியிற் சரணங்களில் அதனை முற்றும் நிறுத்தினோம். அன்னையார் மீண்டும் கேட்டார். இரண்டாம் அடியில் ஒரு சொல்லின் உச்சரிப்புப் பிழையென்று திருத்தினார். சொல் விளங்கிற்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின், மாணவ நண்பர்களே, ஒரு பகுதியைத் தனியே கேட்டு அதன் அழகில் மயங்காதீர்கள். அனைத்தையும் கூட்டி, மெல்லிய ஒலியிற் கேட்டு, எது எதனை மறைக்கின்றதென்று ஆராயுங்கள். பின்னர், நீங்கள் மிக விரும்பிய பகுதியேயாயினும், பாட்டிற்கு இடையூறாயின் அதனை நீக்கத் தயங்காதீர்கள்.