மஞ்சளும் மிளகும் ஆன்டிபயோட்டிக் மருந்துக்குத் துணையாகுமா?

சளி, இருமல் என்றால் மிளகு ரசம். புண் என்றால் மஞ்சள். கெடா தோட்டங்களில் வளர்ந்த உங்களுக்கு இவை பழகிய வைத்தியம். கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயோட்டிக் மருந்தோடு இவற்றையும் சேர்த்தால் குணம் விரைவாகக் கிடைக்குமா?

மருந்து ஏன் பலிக்காமல் போகிறது?

ஆன்டிபயோட்டிக், பாக்டீரியா கிருமிகளை அழிக்கும் மருந்து. தேவையில்லாமல் உண்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். சில கிருமிகள் மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இனிப்பு நீர் உள்ளவருக்குக் காலில் வரும் புண்ணில் இத்தகைய கிருமி தொற்றினால் ஆற்றுவது கடினம்.

இயற்கைப் பொருள் உதவுமா?

உதவும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிளாவுலானிக் அமிலம் கிடைக்கிறது. அது கிருமியின் நொதியைத் தடுப்பதால், அமோக்சிசிலின் உடையாமல் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்த ‘ஆக்மென்டின்’ 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று மலேசியாவிலும் மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள்.

மிளகுக்குக் காரம் தருவது பிப்பெரின். அது ஒருவகைக் கிருமி மருந்தை வெளியே இறைப்பதைத் தடுத்து, சிப்ரோஃபுளோக்சாசின் மருந்தின் வலிமையைக் கூட்டுவதாக, இந்தியாவின் ஜம்மு நகர ஆய்வாளர்கள் 2006-இல் தெரிவித்தனர்.

ரசம் போதுமா?

போதாது. ஜம்மு சோதனை ஆய்வகத்தில், பிரித்தெடுத்த பிப்பெரினை அளந்து சேர்த்துச் செய்தது. ரசத்தில் அந்த அளவும் தூய்மையும் இல்லை. மஞ்சளும் மிளகும் நல்ல உணவு. மருந்துக்கு மாற்று அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மருந்தை உண்ணுங்கள்.

• சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயோட்டிக் கேட்காதீர்கள்.

• சிப்ரோஃபுளோக்சாசின், டாக்சிசைக்ளின் மாத்திரைகளை மஞ்சள் பாலோடு விழுங்காதீர்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சேரவிடாது. தண்ணீரோடு உண்ணுங்கள். பால் குடிக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

• இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரை வாங்கி உண்ண வேண்டாம். இரத்தக் கசிவு ஏற்படலாம்.

• காலில் புண் வந்தால், மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

• மீந்த மாத்திரைகளை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் என எந்த ஊர்க் கிளினிக்குக்குச் சென்றாலும், வீட்டில் உண்ணும் மூலிகை மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மறைக்கத் தேவையில்லை, அவற்றைப் பார்த்தால்தான் உங்களுக்குப் பொருந்தும் மருந்தை மருத்துவர் தர முடியும்.