வழிபாடும் வழியும்

கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்தது எம் ஊராகிய இராயப்பன்பட்டி. இராயப்பர் என்பது பேதுரு அப்போஸ்தலருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். பனிமய மாதாவின் திருவிழாவில் சப்பரம் கோயிலை விட்டு வீதிக்கு வருங்கால், வண்டிகள் நின்று வழிவிடுகின்றன. வீதியோ எல்லார்க்கும் உரியது. அதனைச் சில நாழிகை எமக்கு ஒழித்துத் தருவோர் எம் சமயத்தார் மட்டுமல்லர். இந்நன்மையைப் பெற்று வளர்ந்த யாம், பொதுநிலத்தில் சமயச் சின்னங்கள் நிற்றல் தகுமோ, சமயச் சின்னம் என்பதுதான் யாது என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எம் பள்ளத்தாக்கிலேயே உள்ள சான்றொன்றை முதற்கண் காண்போம். பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப உதவிய அணை 1887-இல் தொடங்கப்பெற்று 1895-இல் முடிவுற்றது. அதனை முன்னின்று கட்டியவர் ஜான் பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர். லோயர்கேம்ப்பில் தமிழக அரசாங்கம் அவர்க்கு மணிமண்டபமும் சிலையும் அமைத்து, அவர் பிறந்த நாளாகிய சனவரி 15-ஆம் தேதியிலேயே, 2013-ஆம் ஆண்டு திறந்து வைத்தது. அந்நாளில் பாலார்பட்டி முதலிய ஊர்களின் உழவர்கள் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். தெய்வப் படங்களின் வரிசையில் அவர் படத்தையும் மாட்டி மாலையிடும் வீடுகளும் உள. இங்கே வேதநூல் இல்லை, குருமார் இல்லை, வீடுபேறு வேண்டுதலும் இல்லை. ஆயினும் மாலையும் படையலும் உள. இஃது நினைவோ, வழிபாடோ?

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினா புதியதன்று. போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் துறைகளாக வகுத்துள்ளார். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து, வாழ்த்துவது அம்முறை. எம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்று கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்டான் ஒருவனைக் குறிப்பது. அக்கல்லை நட்டோர் நினைவு வேறு, வழிபாடு வேறு என்று பிரித்துப் பார்த்திருப்பரோ? நன்றியே படையலாயிற்று, படையலே வழிபாடாயிற்று.

நீதிமன்றங்களும் இவ்வெல்லையை வரைய முயன்றன. சென்னை மாகாணச் சட்டத்தை எதிர்த்து எழுந்த சீரூர் மடத்து வழக்கில், 1954-இல் உச்சநீதிமன்றம், கடவுட் கொள்கை இன்றியும் சமயம் இருத்தல் கூடும் என்று கூறிப் பௌத்தத்தையும் சமணத்தையும் எடுத்துக் காட்டியது. கொள்கை மட்டுமன்றிச் சடங்குகளும் சமயத்தின் பகுதியே என்றும் உரைத்தது. 1982-இல் ஆரோவில் வழக்கில், ஸ்ரீ அரவிந்தரின் போதனை தத்துவமேயன்றிச் சமயமன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருத, நீதிபதி சின்னப்ப ரெட்டி அதற்கு மாறாகக் கருதினார். ஒரே போதனையைக் கற்றறிந்தோரே இருவகையாகக் கண்டனர் எனின், வீதியில் நிற்கும் கல்லொன்றைக் கண்டு இது சமயம், இது சமயமன்று என்று யாம் எளிதில் கூறிவிடல் எங்ஙனம்?

இவ்விடத்து எம்மவர்க்கு ஒரு கடமை உண்டு. அந்தோனியார் சுரூபத்துக்கு மாலையிடும் எம்மைக் கண்டு, கல்லை வணங்குகின்றீரே என்று வினவுவோர்க்கு, ஆராதனை கடவுளுக்கே உரியது, புனிதர்க்குச் செலுத்துவது வணக்கமே என்று விடை பகர்கின்றோம். எம் செயலின் பொருளை எம் வாய்மொழியால் அறிதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். அவ்வாறாயின், அயலார் தம் பொங்கலை நன்றி என்று உரைப்பினும் வழிபாடு என்று உரைப்பினும், அவர் சொல்லையும் யாம் அங்ஙனமே ஏற்றல் முறை.

எனினும், பொருளை உரைக்கும் உரிமை நிலத்தை அடைக்கும் உரிமை ஆகாது. 2009 செப்டம்பர் 29-இல் உச்சநீதிமன்றம், பொது வீதிகளிலும் பூங்காக்களிலும் கோயில், தேவாலயம், மசூதி, குருத்துவாரா என்னும் பெயரால் அனுமதியின்றிப் புதிதாக ஒன்றும் எழுப்பலாகாது என ஆணையிட்டது. முன்னரே உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவு செய்யுமாறு மாநிலங்களுக்குக் கூறியது. பின்னர் 2013 சனவரி 18-இல், லோயர்கேம்ப் மண்டபம் திறந்த மூன்றாம் நாள், வீதிகளிலும் நடைபாதைகளிலும் சிலை நிறுவவும் இசைவு தரலாகாது என்று உரைத்தது. இரண்டாம் ஆணையில் ஒரு நுட்பம் காண்கின்றோம். சிலை சமயத்தின்பாற்பட்டதா என்று அது கேட்கவில்லை. நடப்பார்க்கு வழி உண்டா என்றே கேட்டது. தலைவர் சிலைக்கும் தெய்வச் சிலைக்கும் ஒரே கோல் வைத்தது. எமக்குப் பிடித்ததை நினைவுச் சின்னம் என்றும், பிறருடையதைச் சமயச் சின்னம் என்றும் பெயரிட்டுத் தப்பும் வாயிலை அஃது அடைத்துவிட்டது.

அக்கோல் எம் வாயிலுக்கும் வரும். எம் பாட்டிமார் மெழுகுதிரி ஏற்றிச் செபமாலை சொன்ன குருசடி ஒன்று பாதையை நெருக்கி நிற்குமாயின், அதனை உள்ளே தள்ளி அமைக்க ஒருப்படுதல் எமக்கு எளிதன்று. ஆயினும் கற்றவராகிய யாமே அதற்கு முற்படல் வேண்டும். வேறொருவர் வந்து இடிக்கும் வரை காத்திராது, எம் கையாலேயே அச்சிலுவையைச் சுமந்து கோயில் வளாகத்துள் நாட்டுவோமாயின், அதன் பெருமை ஓரணுவும் குறையாது. அங்ஙனம் செய்த பின்னரே அயலாரிடம் அம்முறையைக் கேட்க எமக்கு நாவெழும்.

சப்பரம் கடந்து சென்றபின் வீதி மீண்டும் எல்லார்க்கும் உரியதாகின்றது. வழிவிட்டார்க்கு யாம் செலுத்தும் நன்றி, அவர் வழியை யாம் அடையாதிருத்தலே.