மணிமேகலையின் யாப்பு: ஒரு பாடம்

மணிமேகலையைக் கற்கத் தொடங்கும் நம் அன்பருட் சிலர், “யாப்பு புலவர்க்குரியது, நமக்குக் கதையும் கருத்தும் போதும்” என்று ஒதுங்கி நிற்கின்றனர். இக்காப்பியத்தின் 30ஆம் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை விளக்குமிடத்தில், யாப்பை விட்டவர் கருத்திலும் ஒரு பகுதியை விட்டவராவர். அது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

மணிமேகலையின் 30 காதைகளும் நிலைமண்டில ஆசிரியப்பாவால் இயன்றவை. இப்பாவில் எல்லா அடியும் நாற்சீர் பெற்று வரும். ‘அன்பும் அறிவும் அருளும் வேண்டும்’ என்று பயிற்சிக்காக ஓர் அடியை நாமே அமைத்துக்கொள்வோம். இதன் சீர்கள் முறையே தேமா, புளிமா, புளிமா, தேமா. முதல் மூன்று சீரும் அகரத்தில் தொடங்குவதால் இது கூழை மோனை. மூன்றாஞ்சீரின் ஈற்றில் நேரசை நிற்க, அடுத்த சீர் நேரசையில் தொடங்குவதால், அங்கு நேரொன்றாசிரியத்தளை அமைந்தது. முதலிரு சீரின் பின்னும் வருவது இயற்சீர் வெண்டளை. ஆசிரியப்பா பிற தளையையும் ஏற்கும்.

ஆசிரியப்பா நான்கு வகைப்படும். நேரிசையில் ஈற்றயலடி முச்சீராய்க் குறையும். இணைக்குறளில் இடையடிகள் குறையும். அடிமறி மண்டிலத்தில் எந்த அடியை எங்கே மாற்றினும் பொருளும் ஓசையும் கெடா. நிலைமண்டிலத்தில் அடிகள் குறைவதும் இல்லை. இடம் மாறுவதும் இல்லை.

இனிச் சார்புகளை நோக்குவோம். பேதைமை சார்பாகச் செய்கை தோன்றும். செய்கை சார்பாக உணர்வு தோன்றும். வரிசையே இங்கு அறம். ஒன்றை இடம் மாற்றினால் காரணம் காரியமாகிவிடும். துன்பத்தின் வேர் எது என்பதே மறைந்துவிடும். ஆகவே, அடிமறியாகப் பாடத்தகாத பொருள் இது.

எதுகையும் இவ்வாறே. விருத்தத்தில் நான்கடிக்கும் ஒரே எதுகை வேண்டும். அதற்காகச் சொற்களை முன்பின்னாக மாற்ற நேரும். ஆசிரியத்தில் அக்கட்டாயம் இல்லை. மேலும், இதற்கு அடிப் பேரெல்லையும் இல்லை. ஆதலால் சாத்தனார் தோற்றத்தை முறையே கூறி, பேதைமை நீங்கச் செய்கை நீங்கும் என மீட்சியையும் அதே முறையில் கூற இயன்றது.

அன்பர்கள் 30ஆம் காதையை எடுத்து, அடிதோறும் நான்கு சீராகப் பிரித்து, உரக்கப் படித்துப் பார்க்க. சீர் தவறினால் செவி உணர்த்தும். சார்பு ஒன்று விடுபட்டால் ஓசையே காட்டிக்கொடுக்கும். ஏடு கையில் இல்லாதபோதும் அறம் நெஞ்சில் நிலைபெற வழி இதுவே.