கேட்கப் பயப்பட வேண்டாம்

வாலிபப் பிள்ளைகள் சோர்ந்து திரிந்தால் "வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும்" என்கிறோம். அநேகந்தரம் சரியாகியும் விடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, சிநேகிதரோடு பேச்சில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டால் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

"சாக நினைக்கிறாயா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அப்படியல்ல. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. மனப்பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது. கேட்டபின் பேசவிடுங்கள். புத்திமதி பிறகு. (ஜெபமும் பிள்ளை பேசி முடித்தபின் செய்யலாம்.) அன்று தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டியது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.